ஜிபிஎஸ் டப்பாவைத் திட்டாதீங்க, சாமிகளா!

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். போன சனிக்கிழமை ஒரு நண்பர் வீட்டு விருந்துல காதுல விழுந்த ஒரு வாக்கியம் ஒரு வாரமா உள்ளுக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு. இங்க இறக்கி வெச்சாத்தான் தூக்கம் வரும்.

வாக்கியம் இதுதான்: "ஜிபிஎஸ் எங்களைக் கொண்டுபோய் நடுக்காட்டுல விட்டுடுச்சு, மச்சி!"

சொன்னவர் நல்ல மனுஷன். ரெண்டு குழந்தைங்க. போன கோடையில நெவாடா பக்கம் போயிருந்தப்ப ஒரு மண் ரோட்டுல மாட்டி, மூணு மணி நேரம் கழிச்சு வெளிய வந்திருக்கார். கதையை அவ்வளவு சுவையா சொன்னார், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பிரியாணித் தட்டோட மூலையில நின்னுக்கிட்டிருந்த எனக்கு மட்டும் சிரிப்பு வரலை.

இன்னொருத்தர் உடனே, "இந்தக் காலத்துல எவன்டா தனியா ஜிபிஎஸ் டப்பா வெச்சிருக்கான்? எல்லாம் ஃபோன்லயே இருக்கே!"ன்னார். அதுக்கும் ஒரு சிரிப்பு.

ஆக, ரெண்டு கட்சி. டப்பா ஏமாத்திடுச்சுங்கற கட்சி. டப்பாவே தேவையில்லைங்கற கட்சி. ரெண்டு பேருக்கும் இந்தப் பதிவுல பதில் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம்தான். காப்பி கலந்துக்கிட்டு வந்து உக்காருங்க.

முதல்ல ஒரு அடிப்படை

நம்ம தலைக்கு மேல சுமார் 20,200 கி.மீ. உயரத்துல முப்பது சொச்சம் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுத்திக்கிட்டு இருக்கு. அதுங்க செய்யற வேலை ஒண்ணே ஒண்ணு. "நான் இன்னார், நான் இங்க இருக்கேன், இப்ப மணி இவ்வளவு"ன்னு ஓயாம கூவிக்கிட்டே இருக்கறது. உங்க கையில இருக்கற டப்பா அதைக் காது குடுத்துக் கேக்குது. குறைஞ்சது நாலு கோள் கூவறது கேட்டா, கணக்குப் போட்டு நீங்க நிக்கற இடத்தையும் உயரத்தையும் சொல்லிடும். டப்பா பதிலுக்கு எதுவும் அனுப்பறதில்லை. நீங்க ஒருத்தர் கீழ இருக்கீங்கன்னே அந்தக் கோளுக்குத் தெரியாது. "சேட்டிலைட் நம்மளப் பாத்துக்கிட்டே இருக்கு"ன்னு நினைக்கறவங்க அந்த நினைப்பை இத்தோட விட்டுடலாம்.

2000ம் வருஷம் மே மாசம் ஆரம்பத்துல, பொதுஜனத்துக்கான சிக்னல்ல வேணும்னே கலந்து வெச்சிருந்த பிழையை அமெரிக்க அரசாங்கம் நிறுத்துச்சு. அதுவரைக்கும் நூறு மீட்டர் தள்ளிக் காட்டினது, ராத்திரியோட ராத்திரியா பத்து மீட்டர் அளவுக்கு வந்துடுச்சு. இந்த டப்பாக்கள் நம்ம கைக்கு வந்த கதை அங்கதான் சூடு பிடிக்குது.

இப்ப கவனிங்க. அந்தக் கோளுக்கு ரோடு தெரியாது. தார் ரோடா மண் ரோடா தெரியாது. மழையில பாலம் அடிச்சுக்கிட்டுப் போனது தெரியாது. "இங்க இருக்கீங்க" வரைக்கும்தான் அதோட பொறுப்பு. "இப்படிப் போங்க"ங்கறது முழுக்க முழுக்க வேற சமாசாரம். யாரோ ஒரு கம்பெனி வரைஞ்ச மேப், அது மேல ஒரு வழி தேடற கணக்கு, அந்தக் கணக்குக்கு நீங்க குடுத்த விதிகள். அவ்வளவுதான்.

நிக்கற இடம்ங்கறது அளந்து சொல்ற விஷயம். போற வழிங்கறது யூகம். என் மொத்தச் சண்டையும் இந்த ரெண்டு வரிதான். அளந்து சொன்னதை நம்புங்க, யூகத்தைக் குறுக்கு விசாரணை பண்ணுங்க. இதைப் பண்ணாம வண்டியைக் கிளப்பிட்டு, மாட்டினப்புறம் டப்பாவைத் திட்டறது என்ன நியாயம்?

"பெரிசா பேச வந்துட்டான்"னு நீங்க நினைக்கறது புரியுது. பேச எனக்கு உரிமை இருக்கு. ஏன்னா, அதே முட்டாள்தனத்தை நானும் பண்ணியிருக்கேன். அதுவும் அப்பா அம்மாவைப் பின் சீட்டுல வெச்சுக்கிட்டு.

கொசுவத்தியைச் சுத்துங்க: 2008 அக்டோபர்

அப்பா அம்மா முதல் தடவை அமெரிக்கா வந்திருந்தாங்க. லாஸ் வேகாஸ் விளக்கெல்லாம் காட்டி முடிச்சு, மறுநாள் டெத் வேலி. அப்பா தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையில ரோடு இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். தஞ்சாவூர்ப் பக்கத்து ரோடுகள்ல எந்த மைல் கல்லுக்குப் பக்கத்துல எந்தப் புளியமரம்னு இன்னிக்கும் சொல்லுவார். அவருக்கு என் டப்பா மேல ஆரம்பத்துலேர்ந்தே சந்தேகம். "இவ யாருடா ரோடு சொல்றவ? இந்த ஊர்க்காரியா?"

நான் பெரிய இவன் மாதிரி சேட்டிலைட், முக்கோணம்னு கிளாஸ் எடுத்தேன். அப்பா பொறுமையா கேட்டுக்கிட்டார்.

மதியம் ரெண்டு மணி. மெயின் ரோட்டுலேர்ந்து இடது பக்கம் திரும்பச் சொல்லுச்சு டப்பா. சரளைக்கல் ரோடு. திரும்பினேன். முதல் நாலஞ்சு மைல் நல்லாத்தான் இருந்தது. அப்புறம் சரளை மண்ணாச்சு, மண் மணலாச்சு. பின்னாடிலேர்ந்து அப்பா குரல்.

"தம்பி, இந்த ரோட்டுல வண்டித் தடமே இல்லையேடா."

"மேப்ல இருக்குப்பா."

"மேப்ல இருக்கட்டும். தரையில இல்லையே."

இன்னும் ரெண்டு மைல் ஓட்டினேன். ரோஷம்! முன் சக்கரம் ரெண்டும் மணல்ல இறங்குச்சு. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த இன்னும் இறங்குச்சு. இறங்கிப் பார்த்தா நாலு பக்கமும் ஒரு வண்டி இல்லை, ஒரு வீடு இல்லை, ஒரு மரம்கூட இல்லை. ஃபோன்ல சிக்னல் கம்பி ஒண்ணுகூட இல்லை. கைவசம் மூணு பாட்டில் தண்ணி. அம்மாவோட பிரஷர் மாத்திரை லாட்ஜ்ல வெச்ச பெட்டியில.

1913 ஜூலை 10 அன்னிக்கு 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானதா சாதனைப் பட்டியல்ல இருக்கற பள்ளத்தாக்கு அது. நாங்க போனது அக்டோபர் கடைசி. அதனாலதான் இன்னிக்கு இந்தப் பதிவு.

அப்பா ஒரு வார்த்தை திட்டலை. வேட்டியை மடிச்சுக் கட்டினார் (ஆமா, டெத் வேலியிலயும் வேட்டிதான்). சுத்தி இருந்த தட்டைக் கல்லா பார்த்துப் பொறுக்கிக்கிட்டு வந்து, டயருக்கு முன்னாடியும் பின்னாடியும் மணலைக் கையால தோண்டி அடுக்கினார். நான் கார்ல இருந்த மேட்டை எல்லாம் உருவிப் போட்டேன். ரெண்டு மணி நேரம். நாலாவது முயற்சியில வண்டி பின்பக்கமா ஏறுச்சு. வந்த வழியே திரும்பி மெயின் ரோட்டைத் தொட்டப்ப அம்மா சத்தம் இல்லாம அழுதுக்கிட்டு இருந்தாங்க. அதைக் கண்ணாடியில பார்த்தேன். இன்னும் மறக்கலை.

அன்னிக்கு ராத்திரி லாட்ஜ்ல உக்காந்து டப்பாவோட மெனுவை முதல் தடவையா முழுசா நோண்டினேன். வழி தேடற இடத்துல "குறைஞ்ச நேரம்", "குறைஞ்ச தூரம்"னு ரெண்டு இருந்தது. "குறைஞ்ச தூரம்" தேர்வாகி இருந்தது. யார் பண்ணது? நானேதான். அந்த வருஷக் கோடையில கலிஃபோர்னியாவுல பெட்ரோல் காலனுக்கு நாலு டாலரைத் தாண்டினப்ப, ஆபீஸ் போக நாலு காசு மிச்சம் பிடிக்கலாம்னு மாத்தி வெச்சேன். மறந்தும் போயிட்டேன். அதுக்குக் கீழயே "தவிர்க்க வேண்டியவை"ன்னு ஒரு பட்டியல். அதுல "தார் போடாத ரோடு"ன்னு ஒரு வரி. பக்கத்துல டிக் இல்லை. அந்தப் பக்கத்தை நான் திறந்ததே இல்லை.

டப்பா சொன்னது தப்பா? இல்லை. நான் கேட்டதைத்தான் அது குடுத்துச்சு. நான் கேட்ட கேள்விதான் தப்பு.

சிரிக்க முடியாத கதைகள்

நாங்க வெளிய வந்துட்டோம். எல்லாரும் வரலை.

2009 ஆகஸ்ட்ல அதே டெத் வேலியில ஒரு தாயும் அவங்களோட சின்னப் பையனும் டப்பா காட்டின வழியில போய், வண்டி மணல்ல புதைஞ்சு நின்னுடுச்சு. அஞ்சு நாள் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. தாய் பிழைச்சாங்க. பையன் பிழைக்கலை. இது மாதிரிச் சம்பவங்களுக்கு "ஜிபிஎஸ் மரணம்"னு பேர் சொல்லும் அளவுக்கு அங்க இருக்கற ரேஞ்சர்கள் நொந்து போனாங்க. அந்தத் தேசியப் பூங்கா, ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பி வராதீங்க, காகித மேப்பும் கொண்டு வாங்கன்னு பயணிகளுக்கு வெளிப்படையாவே எச்சரிக்கை குடுக்குது.

2011 மார்ச்சுல கனடாவுலேர்ந்து லாஸ் வேகாஸ் கிளம்பின ஒரு தம்பதி, வடகிழக்கு நெவாடாவுல ஒரு மலை ரோட்டுச் சேத்துல மாட்டினாங்க. கணவர் உதவி தேடி, கையில ஜிபிஎஸ்ஸோட நடந்து போனார். திரும்பி வரலை. மனைவி வண்டியிலயே ஏழு வாரம் உயிரைப் பிடிச்சு வெச்சிருந்து பிழைச்சாங்க.

2012ல ஆஸ்திரேலியாவுல மூணு ஜப்பான் சுற்றுலாப் பயணிங்க, டப்பா வழி காட்டுதேன்னு மோர்ட்டன் வளைகுடாக் கடலுக்குள்ளயே காரை இறக்கிட்டாங்க. அலை ஏறுச்சு, காரை அங்கயே விட்டுட்டு நடந்து கரைக்கு வந்தாங்க. இதுக்கு மட்டும் சிரிச்சுக்கலாம். யாருக்கும் ஒண்ணும் ஆகலை.

விருந்துல எனக்கு ஏன் சிரிப்பு வரலைன்னு இப்பப் புரியுதா? நண்பர் சொன்ன கதைக்கும் இந்தக் கதைகளுக்கும் நடுவுல இருக்கறது ரெண்டு பாட்டில் தண்ணி.

சரி, என்னதான் பண்ணணும்? அரை மணி நேரம் குடுங்க

கார் டப்பா வெச்சிருக்கறவங்களுக்கு:

1. வழி விதி. "குறைஞ்ச நேரம்"னு வையுங்க. "தார் போடாத ரோடு" பக்கத்துல தவிர்க்கச் சொல்லி டிக் போடுங்க. போட்டாச்சேன்னு தூங்கிடாதீங்க. அந்த ரோடு மண் ரோடுன்னு மேப்ல குறிச்சிருந்தாத்தானே டப்பா தவிர்க்கும்? உதாரணம் சொல்றேன். 2004ல ஆரம்பிச்ச ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல அமெரிக்க ரோடுகளை 2007-08 வாக்குல மொத்தமா இறக்கினாங்க, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையோட டைகர் கோப்புகள்லேர்ந்து. அதுல பாலைவனத்து மாட்டுத் தடம்கூட குடியிருப்புத் தெரு மாதிரி வந்து உக்காந்துச்சு. தன்னார்வலர்கள் ஒவ்வொண்ணா திருத்திக்கிட்டே இருக்காங்க. இலவச மேப் நல்ல மேப்தான், நானே கார்மின்ல ஏத்தி வெச்சிருக்கேன். ஆனா எந்த மேப்பும் வேதம் இல்லை.

2. வகுத்துப் பாருங்க. டப்பா ஒரு வழி காட்டினா கிளம்பறதுக்கு முன்னாடி தூரத்தை நேரத்தால வகுங்க. 30 மைலுக்கு ரெண்டு மணி நேரம் காட்டினா மணிக்கு 15 மைல். அமெரிக்க ஹைவேயில மணிக்கு 15 மைல் எதுக்கு? அங்க ஹைவே இல்லைன்னு அர்த்தம். மூணாங்கிளாஸ் கணக்கு, உயிரைக் காப்பாத்தும்.

3. வழியை முன்னாடியே ஓட்டிப் பாருங்க. பாதி டப்பாக்கள்ல திருப்பங்களை வரிசையாப் படிக்கலாம், சிலதுல பொம்மை வண்டி ஓட்டியும் காட்டும். பேர் இல்லாத ரோடு, நம்பர் மட்டும் போட்ட ரோடு வந்தா நில்லுங்க. நடுவுல ரெண்டு ஊரை நீங்களே புள்ளி வெச்சுட்டீங்கன்னா, அது தன் இஷ்டத்துக்குக் குறுக்கே பாயாது.

4. வாசல்லயே சிக்னல் பிடிக்க விடுங்க. மாசக் கணக்கா அலமாரியில தூங்கின டப்பா எந்தக் கோள் எங்க இருக்குன்னு மறந்திருக்கும். ஒவ்வொரு கோளும் தன் இருப்பிடத் தகவலை 30 வினாடிக்கு ஒரு தடவை சொல்லும். எல்லாக் கோள்களோட பொது அட்டவணை முழுசா வர 12.5 நிமிஷம். ஆன் பண்ணின உடனே கராஜ்லேர்ந்து சீறிக்கிட்டுப் போய், "இன்னும் தேடிக்கிட்டே இருக்கு, ஓட்டை டப்பா"ன்னா எப்படி? திறந்த வானத்துக்குக் கீழ அசையாம வையுங்க, ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வாங்க.

5. மேப்பையும் மென்பொருளையும் புதுப்பிங்க. ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒரு தடவை பூஜ்யத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்ட்ல ஒரு தடவை, 2019 ஏப்ரல் 6ல இன்னொரு தடவை திரும்புச்சு. அதுக்கப்புறம் சில பழைய டப்பாக்கள் தேதியைத் தப்பாக் காட்டுது. கம்பெனி திருத்தம் குடுத்திருந்தா ஏத்திக்குங்க.

6. வெக்கிற இடம். கண்ணாடிக்கு நட்டநடுவுல ஒட்டாதீங்க. கலிஃபோர்னியாவுல 2009லேர்ந்து சட்டமே சொல்லுது: ஓட்டறவர் பக்கக் கீழ் மூலையில 5 அங்குலச் சதுரம், அடுத்த சீட்டுப் பக்கக் கீழ் மூலையில 7 அங்குலச் சதுரம். முக்கியமா, ஓடற வண்டியில விலாசம் தட்டாதீங்க. பக்கத்துல தங்கமணி இருக்காங்கல்ல? குடுங்க அவங்க கிட்ட. நம்மளை விட நல்லாவே தட்டுவாங்க.

கையடக்க டப்பா வெச்சிருக்கற மலையேறிகளுக்கு:

1. டிகிரி வடிவம். இது பெரிய குழி. ஃபர்னஸ் கிரீக் சுமாரா வடக்கு 36.46 டிகிரி. இதை 36 டிகிரி 46 நிமிஷம்னு தட்டினீங்கன்னா தொலைஞ்சீங்க. 36.46ன்னா 36 டிகிரி 27.6 நிமிஷம். இந்தியா கிரீன்விச்சுக்கு 5.5 மணி முன்னாடின்னா அஞ்சரை மணியா, அஞ்சு மணி அம்பது நிமிஷமா? அதே கணக்குதான். அட்சரேகையில ஒரு நிமிஷம் 1.85 கி.மீ. இந்தத் தப்புல நீங்க போய் நிக்கறது சுமார் 34 கி.மீ. வடக்கே. அப்புறம் தீர்க்கரேகையில மேற்குக்கு முன்னாடி கழித்தல் குறி. அதை மறந்தா ஃபர்னஸ் கிரீக் நேரா சீனாவுல, ஜினான் நகரத்துக்குப் பக்கத்துல போய் உக்காந்துடும் :-)

2. மேப்போட ஆதாரக் கணக்கு. டப்பா சாதாரணமா டபிள்யூஜிஎஸ் 84 கணக்குல பேசும். பழைய அமெரிக்க டோப்போ ஷீட்டுகள் 1927ம் வருஷக் கணக்குல வரைஞ்சது. ரெண்டையும் கலந்தா கலிஃபோர்னியா பக்கம் கிட்டத்தட்ட நூறு மீட்டர் தள்ளும். சர்வே ஆஃப் இந்தியாவோட பழைய ஷீட்டுகளும் வேற கணக்குதான், எவரெஸ்ட் நீள்கோளம். ஷீட்டோட ஓரத்துல போட்டிருப்பான், படிச்சுட்டு டப்பாவுல அதையே வையுங்க. நூறு மீட்டர் சமவெளியில ஒண்ணுமில்லை. பள்ளத்தாக்கோட விளிம்புல?

3. காரைக் குறிச்சுட்டு நடங்க. கிளம்பற இடத்துல நின்னு ஒரு புள்ளி குறிங்க. தடம் பதியறது ஆன்ல இருக்கான்னு பாருங்க. திரும்பும்போது நடந்து வந்த தடத்தையே திருப்பிக் காட்டும். இது யூகமே இல்லை, உங்க காலே போட்ட கோடு. கையடக்க டப்பாவோட மொத்தப் பெருமையும் இந்த ஒரு வசதிதான்.

4. பேட்டரி. எந்த வகை பேட்டரி போட்டிருக்கீங்கன்னு மெனுவுல சொல்லுங்க. சொல்லலைன்னா மீதி எவ்வளவுன்னு அது காட்டறது பொய்க் கணக்கு. குளிர்ல லித்தியம் ஏஏ. பையில இன்னொரு ஜோடி.

5. திசைகாட்டியும் உயரமானியும். மின்னணுத் திசைகாட்டி இருந்தா பேட்டரி மாத்தினதும் சுத்திச் சரிபண்ணுங்க. காத்தழுத்த உயரமானியை உயரம் தெரிஞ்ச இடத்துல சரிபண்ணுங்க. பேட்வாட்டர்ல கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழன்னு போர்டே இருக்கு, அதை விட நல்ல இடம் ஏது?

எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். புது ஃபோன் வாங்கினா அதுக்கு உறை தேட நாம செலவழிக்கற நேரத்தை விடக் கம்மி.

ரெண்டாவது கட்சிக்கு வரேன்

"எல்லாம் ஃபோன்லயே இருக்கே!" இருக்கு. நான் மறுக்கலை. ஃபோனுக்குள்ள இருக்கற ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. மேப்பை முன்கூட்டியே இறக்கி வெச்சா சிக்னல் இல்லாத காட்டுலயும் வழி காட்டும். 2022லேர்ந்து சில ஃபோன்கள் செயற்கைக்கோள் வழியா அவசரச் செய்தியும் அனுப்புது. டிராஃபிக் சொல்றதுல கார் டப்பாவுக்கு ஃபோன் பக்கத்துல நிக்க யோக்கியதை இல்லை. ஊருக்குள்ள நானும் ஃபோன்தான்.

ஆனா கேள்வி ஊருக்குள்ள இல்லையே. மேப்பை இறக்கினீங்களா? விருந்துல இருந்த பதினாலு பேர்ல எத்தனை பேர் கடைசியாப் போன பயணத்துக்கு இறக்கினாங்கன்னு கேட்டேன். ஒரு கை. அப்புறம், கடும் வெயில்ல டாஷ்போர்டு மேல வெச்ச ஃபோன் சூடாகி "ஆறட்டும்"னு படுத்துக்கும். வழி காட்டிக் காட்டி பேட்டரி தீர்ந்தா, உதவிக்குக் கூப்பிட வேண்டிய ஒரே கருவியும் போச்சு. வழிக்கு ஒண்ணு, உயிருக்கு ஒண்ணுன்னு ரெண்டு இருக்கட்டும்னுதான் சொல்றேன். டப்பாவுக்குச் சொன்ன விதி அத்தனையும் ஃபோனுக்கும் பொருந்தும். ஃபோனோட யூகமும் யூகம்தான்.

இன்னொரு வாதம் வரும், அது நியாயமான வாதம். "அம்புட்டு முக்கியம்னா கம்பெனிக்காரன் ஏன் இதையெல்லாம் ஆறு மெனுவுக்கு அடியில புதைச்சு வெச்சிருக்கான்? காசு குடுத்து வாங்கறவன் எஞ்சினியரா இருக்கணுமா?" ஒத்துக்கறேன். மண் ரோட்டுல ஏத்தறதுக்கு முன்னாடி பெரிசா ஒரு எச்சரிக்கை போட்டு, "போகலாமா?"ன்னு கேக்கறது எல்லா டப்பாவுலயும், எல்லா ஃபோன்லயும் கட்டாயமா இருந்திருக்கணும். அந்தச் சண்டையை நானும் போடத் தயார். ஆனா அந்தச் சண்டை ஜெயிக்கற வரைக்கும் பின் சீட்டுல உக்காந்திருக்கறது கம்பெனிக்காரனோட குழந்தை இல்லை, உங்க குழந்தை.

அப்பா அன்னிக்குப் பண்ணது என்ன? கண்ணைத் திறந்து தரையைப் பார்த்தார். வண்டித் தடம் இல்லைன்னார். முப்பது வருஷம் ரோடு போட்டவர், ரோடுன்னா ஆள் போகணும்னு அவருக்குத் தெரியும். என் கிட்ட சேட்டிலைட் இருந்தது, மேப் இருந்தது, சாப்ட்வேர் இருந்தது, திமிரும் இருந்தது. கண்ணு மட்டும் ஸ்க்ரீன்ல இருந்தது. எந்த டப்பாவையும் முழுசா உபயோகப்படுத்தறதுன்னா அதோட எல்லாப் பட்டனையும் அமுக்கறதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அது எங்க வாயை மூடும்னு தெரிஞ்சுக்கறதும் அதுல சேர்த்திதான்.

அப்பாவுக்கு இப்ப வயசு எண்பத்தொண்ணு. நாங்க எங்கயாவது கிளம்பறோம்னு சொன்னா ஃபோன்ல ரெண்டே கேள்விதான் கேப்பார். "ரோட்டைப் பார்த்துட்டியா? தண்ணி எடுத்துக்கிட்டியா?" பதினேழு வருஷமா வேற எதுவும் கேட்டதில்லை, அந்த நாளைப் பத்திக் குத்திக் காட்டினதும் இல்லை.

கடைசியா ஒரு சேதி. விருந்து முடிஞ்சு கிளம்பறப்ப அந்த நண்பர் என்னை ஓரமாக் கூப்பிட்டார். அடுத்த மாசம் குடும்பத்தோட மறுபடி நெவாடா போறாங்களாம். "உன் கிட்ட அந்தக் கையடக்க டப்பா இருக்குல்ல? குடேன், நாலு நாள்ல தந்துடறேன்"னார்.

தரேன்னேன். ஒரே ஒரு நிபந்தனை. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில எங்க வீட்டு வாசப்படியில என் கூட அரை மணி நேரம் உக்காரணும். மேல சொன்ன பட்டியல்ல ஒவ்வொண்ணா அவரே தன் கையால வெச்சுக் காட்டணும். காரைப் புள்ளி குறிச்சு, ரெண்டு தெரு நடந்து போய், தடத்தைப் பிடிச்சுத் திரும்பி வரணும்.

"இதுக்கெல்லாமா பரீட்சை?"ன்னு சிரிச்சார். நான் சிரிக்கலை. வரேன்னு சொல்லியிருக்கார். காப்பிக்குப் பால் வாங்கி வெச்சாச்சு.

பி.கு.: என் டப்பா எந்தக் கம்பெனின்னு கேட்டு யாரும் மெயில் அனுப்ப வேண்டாம். 2008ல அது நான் சொன்னதைத்தான் கேட்டுச்சு. அதைக் கூண்டுல ஏத்த எனக்கு மனசில்லை.